சாம்பிள் வேற... சரக்கு வேற!

பிரவுசர்ல நாலு பட்டனைத் தட்டத் தெரிஞ்சதுமே, 'நான்தான் சர்வர் அட்மின்'னு காலரைத் தூக்கிவிட்ட ஆள் நான்.

2019. பி.சி.ஏ. ரெண்டாம் வருஷம். அனுப்பர்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனியில பார்ட் டைம் வேலை. ஆபீஸ் மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல லினக்ஸ். பையர்கள் அனுப்புற அளவு சார்ட், சாம்பிள் போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான்.

எனக்கு லினக்ஸ் கமாண்ட் அரைகுறை. கைகொடுத்தது வெப்மின். ஜேமி கேமரன் 1997-ல வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். பிரவுசர்ல சர்வரோட ஐ.பி. அட்ரஸ், பக்கத்துல 10000-ங்கற போர்ட் நம்பர். அவ்வளவுதான்! யூசர் சேர்க்கறது, ஃபோல்டர் ஷேர் பண்றது, பேக்கப்புக்கு நேரம் குறிக்கறது எல்லாமே க்ளிக்தான். வீட்ல இருந்தும் பார்க்கலாமேன்னு, ரவுட்டர்ல அந்த 10000-ஐ வெளியுலகத்துக்கே திறந்துவிட்டேன். (என் சோம்பேறித்தனத்துக்கு நான் வெச்ச பேர், 'ரிமோட் சப்போர்ட்'!)

ஆகஸ்ட்ல அந்தச் செய்தி வந்தது. 2018 ஏப்ரல்லயே யாரோ வெப்மினோட பில்டு சர்வருக்குள்ள புகுந்து, பாஸ்வேர்டு மாத்தற ஃபைல்ல ஒரு கள்ளக்கதவு வெச்சிருக்காங்க. ஃபைலோட தேதியையும் பின்னுக்குத் தள்ளிட்டதால யார் கண்ணுலயும் படலை. கிட்ஹப்ல எல்லாரும் படிக்கிற கோடு சுத்தம். இறக்கிக்கற பேக்கேஜ்லதான் வில்லங்கம். 1.890 வெர்ஷன்னா, பாஸ்வேர்டே இல்லாம எவனும் ரூட்டா உள்ளே வரலாம்.

ஓடிப்போய் ஸ்கிரீனைப் பார்த்தேன். 1.890. 'ஓப்பன் சோர்ஸை ஆயிரம் கண்ணு பார்க்குது'ன்னு க்ளாஸ்ல செமினார் எடுத்தவன் நான்!

சரி பண்ணின 1.930 அதுக்குள்ள வந்தாச்சு. அதைப் போட்டுட்டு கமுக்கமா இருந்திருக்கலாம். ரெண்டு ராத்திரி தூக்கம் வரலை. மூணாம் நாள் முதலாளி ரூம்ல போய் நின்னேன். நான் உளறினதைப் பொறுமையா கேட்டவர், "சாம்பிள் ஒண்ணு காட்டி, சரக்கு வேற வந்திருக்குது. வாசக் கதவைத் தொறந்து வெச்சது நீயி. அப்படித்தான தம்பி?"ன்னார்.

"ஆமாங்ணா."

லாக்ல தேடினேன், ஒண்ணும் சிக்கலை. ஆனா ரூட்டா வந்தவன் லாக்கையும் அழிச்சிருக்கலாமே! மொத்தமா அழிச்சு புதுசா போடறதுதான் ஒரே வழி. அப்பத்தான் தெரிஞ்சது, ஒரு மாசமா பேக்கப்பே ஓடலை. மெர்ச்சண்டைசர் அக்கா ஞாயித்துக்கிழமையும் வந்து, பழைய மெயிலைத் தோண்டித் தோண்டி சார்ட்டுகளை எடுத்துக் கொடுத்தாங்க. திட்டவே இல்லை. "சாப்டியா கண்ணு?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுதான் ரொம்ப வலிச்சது.

அந்த சர்வரை இப்பவும் நான்தான் பார்க்கறேன். வெப்மினையும் விடலை. 10000 ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள மட்டும். வீட்ல இருந்துன்னா எஸ்.எஸ்.எச். வழியாத்தான். மாசம் ஒரு தடவை பேக்கப்பை வேற மெஷின்ல திறந்து பார்த்துடறேன். முதல்ல திறக்கறது, அக்காவோட ஃபோல்டரை.