முற்றட்டும் என்று காத்திருந்தோம்

சென்ற தவக்காலத்தில் எங்கள் அம்மா சிலுவைப் பாதைக்கு வரவில்லை. 74 வயது வரை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாதவர்கள், "முழங்கால் வலிக்கிறது" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பின்னர் மாலைத் திருப்பலியும் நின்றது. பாட்டுப் புத்தகம் மாடத்தில் தூசி படிந்து கிடந்தது. முதுமையில் பக்தி குளிர்ந்துவிட்டதோ என்று எண்ணினேன். எண்ணியதோடு நில்லாமல், ஒருநாள் அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அம்மா பதில் பேசவில்லை. கையிலிருந்த செபமாலையை இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

உண்மை உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகே தெரிந்தது. நற்கருணை வாங்கித் திரும்புகையில் கோயில் படி தெரியாமல் ஒருமுறை தடுமாறினார்களாம். குருவானவரின் முகமே பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தெரிந்ததாம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்று மறைத்திருக்கிறார்கள். அச்சமும் ஒரு காரணம். தாத்தாவுக்குப் புரை எடுத்த காலத்தில், அவர் கண்களைக் கட்டிக்கொண்டு பல நாள் அசையாமல் படுத்திருந்தார். அதன்பின் ஆயுள் முழுவதும் சோடாப்புட்டிக் கண்ணாடிதான். அதை நினைத்து, "நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்கள் அம்மா. நானும் அதுவே சரியென்று நம்பினேன்.

கண் மருத்துவர் எங்கள் இருவர் அறியாமையையும் பொறுமையோடு போக்கினார். புரை என்பது கண்ணின்மேல் வளரும் சதையன்று. கண்மணிக்குப் பின்னால் இறைவன் அமைத்துள்ள தெளிந்த வில்லை, வயது ஏற ஏற மங்குவதே புரை. சர்க்கரை நோய், புகைப் பழக்கம், கண்ணில் பட்ட அடி, நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்து ஆகியவை அதை விரைவுபடுத்தும். சொட்டு மருந்தால் அது கரையாது. முற்றும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு இடையூறு நேரும்போதே எடுத்துவிடலாம். மிக முற்றினால் வில்லை இறுகி, அறுவை கடினமாகும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறவும் கூடும்.

தாத்தாவின் தடித்த கண்ணாடிக்கும் இன்று தேவையில்லை. மங்கிய வில்லையை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை வில்லை வைக்கும் முறையை 1949-இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் டாக்டர் ஹெரால்டு ரிட்லி தொடங்கினார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த அக்ரிலிக் துணுக்குகள் தீங்கின்றித் தங்கியிருந்ததே அவருக்கு வழிகாட்டியது. 1992-இல் மதுரையில் அரோலேப் நிறுவனம் இவ்வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியபின், எளியவருக்கும் அவை எட்டின.

சூலை மாதத்தில் அம்மாவுக்கு ஒரு கண்ணில் அறுவை நடந்தது. முன்னதாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். கண்ணை அளந்து வில்லையின் பவரைத் தீர்மானித்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். "செபமாலையில் மூன்று தேவ இரகசியம் முடிவதற்குள் எழுப்பிவிட்டார்கள்" என்றார்கள் அம்மா. அன்றே வீடு திரும்பினோம்.

முதல் சில நாள் உறுத்தலும், நீர் வடிதலும், வெளிச்சக் கூச்சமும் இருந்தன. சில வாரங்கள் சொட்டு மருந்து தவறாமல் விட வேண்டும். கண்ணைக் கசக்கலாகாது, பாரம் தூக்கலாகாது, மருத்துவர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றலாகாது. வலி மிகுந்தாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ, அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். எழுத்து வாசிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். பிற்காலத்தில் வில்லையின் பின்னுள்ள மெல்லிய உறை மங்கினால், லேசர் ஒளியால் சில நிமிடங்களில் சரிசெய்வார்கள். விழித்திரையோ நரம்போ பழுதுபட்டிருந்தால் முழுப் பார்வை திரும்பாது என்பதையும் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று அம்மா கோயில் படிகளைத் தாமாகவே ஏறினார்கள். திருப்பலி முடிந்ததும், நான் சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். "நீ அறிந்தா சொன்னாய், தம்பி? நானும் மறைத்துவிட்டேனே" என்றார்கள்.

தோபித்து ஆகமத்தில், பார்வையிழந்த தந்தையின் கண்களுக்கு வானதூதர் இரபேல் தாமே மருந்திடவில்லை. மகன் தோபியாவின் கையாலேயே இடச் செய்தார். அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் கோயிலுக்கு வரத் தயங்குகிறாரா? பேரனை அடையாளம் காணத் திணறுகிறாரா? என்னைப்போல் அவர் உள்ளத்தைச் சோதிக்க முற்படாதீர்கள். முதலில் அவரைக் கைப்பிடித்துக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.