கொலோசியத்தில் அம்மம்மாவும் எல்சாவும்

எங்கள் வீட்டில் எல்சா பல வருடம் வாடகை தராமல் குடியிருந்தாள். மகளின் சாப்பாட்டுப் பெட்டியில், மழைக்கோட்டில், தலையணை உறையில், பிறந்தநாள் கேக்கில் என்று எங்கே திரும்பினாலும் அவள்தான். அந்த வருடங்களில் சின்னப் பிள்ளை வளர்த்த வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அதனால் 2019 நத்தார் விடுமுறைக்கு இரண்டாம் பாகம் ஒஸ்லோ தியேட்டர்களுக்கு வந்தபோது, போவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. யார் யார் போவது என்பதுதான் கேள்வி.

கணவருக்கு அன்று வேலை. ஏழு வயது மகளையும் நாலு வயது மகனையும் நான் தனியே இருட்டுக்குள் வைத்துச் சமாளிக்க ஏலாது. அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கென்னத்துக்கு இந்த வயதில கார்ட்டூன்? நான் சமைச்சு வைக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றா.

மகள் நோர்வேஜிய மொழியில் கெஞ்சினாள். அம்மா தமிழில் மறுத்தா. எங்கள் வீட்டில் அப்போது இப்படித்தான் கதை நடக்கும். ஒரு பக்கம் தமிழ் போகும், மறுபக்கத்தில் இருந்து நோர்வேஜிய மொழி வரும். இருவருக்கும் விளங்கும். ஆனால் மகள் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போவாள், தேவாரம் பாடமாக்குவாள், வீட்டுக்கு வந்து நோர்வேஜிய மொழியில் சோறு கேட்பாள். நானும் இங்கே பிறந்து வளர்ந்தவள். அவளை ஏசுவதற்கு எனக்கு வாய் வருவதில்லை.

கடைசியில் அம்மா வெளிக்கிட்டா. கைப்பையில் முறுக்குப் பை ஒன்று.

*

குரோருட்டில் இருந்து ஐந்தாம் இலக்க தே-பானே எடுத்தால் மாறாமலே மயோர்ஸ்டுவன் போகலாம். இந்தப் பாதையின் நகர நடுப் பகுதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. நோர்டிக் நாடுகளின் முதல் சுரங்க ரயில் 1928இல் மயோர்ஸ்டுவனுக்கும் நகர மையத்துக்கும் இடையில்தான் ஓடத் தொடங்கியது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் கொலோசியம் தியேட்டர் திறந்ததும் அதே 1928இல்தான். 1963இல் தீப்பிடித்து எரிந்து, அடுத்த வருடம் திரும்பத் திறந்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால் கட்டடங்களுக்கு நடுவில் கவிழ்த்து வைத்த பெரிய சட்டி போல ஒரு குவிமாடம். ஒஸ்லோவில் தியேட்டர்களை நகரசபையே நடத்திய காலம் ஒன்று இருந்தது. 2013இல்தான் அவை தனியாருக்கு விற்கப்பட்டன.

மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. பனி சப்பாத்துக்குள் போயிருந்தது. உள்ளே போனதும் பிள்ளைகள் நேராக ஓடியது ஸ்மோகொட் பெட்டிகளிடம். விரும்பிய இனிப்பை அள்ளிப் பையில் போட்டு நிறுத்து வாங்கும் அந்த இடத்தில் நோர்வேப் பிள்ளைகளின் பாதி வாழ்க்கை கழிகிறது. அம்மா விலையைப் பார்த்துவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்தா. "இதுக்குத்தான் நான் முறுக்குக் கொண்டு வந்தனான்."

பெரிய மண்டபத்தின் வளைந்த கூரையை அம்மா கழுத்தை நிமிர்த்திப் பார்த்தா. வட கடலோரம் நாங்கள் இருந்த ஊரில் தமிழ்ப்படம் என்றால் வீடியோக் கசெட். ஒரு கசெட் பத்து வீடு சுற்றி வரும்போது கதாநாயகியின் முகம் பச்சையாகியிருக்கும். பிறகு ஒஸ்லோப் பக்கம் வந்து, தமிழ்ப் படங்களைத் தியேட்டர்களில் போடத் தொடங்கி, 2010இல் நோர்வே தமிழ்த் திரைப்பட விழாவும் ஆரம்பமானது. ஆனால் நோர்வேப் பிள்ளைகளின் படத்துக்கு அம்மா வந்தது அதுதான் முதல் தடவை.

*

இங்கே பெரியவர்களின் ஆங்கிலப் படங்களுக்கு எழுத்து ஓடும். சின்னப் பிள்ளைகளின் படங்களுக்கு நோர்வேஜியக் குரல் கொடுப்பார்கள், எழுத்து இராது. எல்சாவின் நோர்வேஜியக் குரல் லிசா ஸ்தொக்கே. படத்தின் பெயரும் இங்கே 'ஃப்ரொஸ்ட் 2'. அம்மாவின் நோர்வேஜிய மொழி ஃபின்மார்க் மீன் தொழிற்சாலையில் படித்தது. வடக்கத்திப் பேச்சு. கடையிலும் டொக்டரிடமும் நன்றாக ஓடும், ஆனால் பாட்டும் பகிடியுமாகப் பறக்கும் வசனத்தைப் பிடிக்காது.

பத்து நிமிடத்தில் அம்மா மகளின் பக்கம் சாய்ந்தா. "என்னடி பிள்ளை சொல்லுறாள்?"

மகள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அது ஏற்கெனவே திரையில் கேட்டதுதானே! "விளங்கேல்லை" என்றா அம்மா. மகள் திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு, எனக்கு ஒரு வருடமாகக் கேட்காத அந்தக் குரல் கேட்டது.

"அம்மம்மா, அவவுக்கு ஒரு சத்தம் கேக்குது. வேற ஒருத்தருக்கும் கேக்காது."

எல்சாவைத் தூரத்தில் இருந்து கூப்பிடும் அந்தக் குரல் நோர்வேப் பாடகி அவ்ரோராவுடையது. நாலைந்து சுரம்தான், சொல் ஒன்றும் இல்லை. அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது மாட்டைக் கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு" என்றா. முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும். பிறகு வாசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது அச்சொட்டாகச் சரி. மலைகளில் மேயும் மாடுகளைக் கூப்பிட ஸ்காண்டிநேவியப் பெண்கள் குரலெடுக்கும் பழைய முறையைத் தழுவித்தான் அதை அமைத்திருக்கிறார்கள்.

படம் முழுக்க மகள் கிசுகிசுத்தாள். பாதித் தமிழ், கால்வாசி நோர்வேஜியம், மீதி கை. கதையின் முடிச்சில் ஒரு அணை வருகிறது. எல்சாவின் பாட்டனாகிய அரசன், காட்டில் வாழும் நோர்தூல்ட்ரா மக்களுக்குப் பரிசு என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தது. உண்மையில் அது பரிசு இல்லை, அவர்களைப் பலவீனமாக்கும் வேலை. இதை எப்படிச் சொல்வது என்று மகள் திணறினாள்.

"அம்மம்மா, அந்த... தண்ணிச் சுவர்."

"குளக்கட்டோ?"

"ஓம், குளக்கட்டு! அந்த ராசா பொய் சொல்லிக் கட்டினவர்."

கிளிநொச்சியில் இரணைமடுவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவ அம்மா. குளக்கட்டில் நடந்து பள்ளிக்கூடம் போனவ. அந்தச் சொல்லை மகள் எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் படித்திருக்கமாட்டாள். இன்று வரைக்கும் எங்கள் வீட்டில் எந்த அணையும் குளக்கட்டுத்தான்.

*

எல்சாவும் அன்னாவும் தங்கள் செத்துப்போன தாயின் சால்வையைக் காட்டுக்குள் கொண்டு வரும்போது, அந்த மக்கள் அதைப் பார்த்து இவர்களின் தாய் யார் என்று கண்டுபிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. தாய் தங்களில் ஒருத்தி. அரண்மனையில் அதைச் சொல்லாமலே வாழ்ந்தவள். அந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடுவது, முதல் படத்தின் தொடக்கத்தில் வந்த 'வுவெலியே'. அதை ஆக்கியவர் ஃப்ரூடே ஃபியெல்ஹெய்ம், தென் சாமி இசைக்கலைஞர். சாமி மக்களின் யோய்க் பாடல் முறையை அடிப்படையாகக் கொண்டது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. கார்ட்டூன் என்னத்துக்கு என்று கேட்ட அதே மனுசி!

திரும்பி வரும் ரயிலில் சொன்னா. போட்ஸ்ஃபியோர்டில் மீன் வெட்டும் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண், சாமி. அது அம்மாவுக்கு மூன்று வருடத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒருநாள் இடைவேளையில் தொலைபேசியில் தமக்கையோடு வேறு ஒரு மொழியில் கதைத்தாவாம். அம்மாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாவாம்.

"உங்கட பிள்ளையளுக்கு இந்தப் பாஷை தெரியுமோ எண்டு கேட்டன். இல்லை எண்டு தலையாட்டினா. பள்ளிக்கூடத்தில தான் பட்ட பாட்டை அதுகளும் படவேண்டாம் எண்டு விட்டிட்டாவாம்."

"சாமி எண்டால் கோயில்லதானே அம்மம்மா இருக்கும்?" என்று கேட்டான் சின்னவன். ரயிலில் இருந்த ஒருவருக்கும் விளங்காமல் நாங்கள் மூவரும் சிரித்தோம்.

பிறகு அம்மா மெதுவாக எனக்கு மட்டும் சொன்னா. நான் பாலர் பள்ளியில் இருந்தபோது, பிள்ளை பின்தங்கிவிடும், வீட்டிலும் நோர்வேஜிய மொழியே கதையுங்கள் என்று ஒருவர் அம்மாவுக்குப் புத்தி சொன்னாராம். "அவ தலையாட்டினது எனக்குக் கண்ணுக்க நிண்டது. அதுதான் நான் கேக்கேல்லை."

முப்பது வருடமாக நான் அறியாத கதை. நான் தமிழில் இதை எழுதுவதற்கு, ஃபின்மார்க்கில் பெயர் தெரியாத ஒரு பெண்ணும் ஒரு காரணம்.

*

அன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு தேடி வாசித்தேன். நோர்வே அரசு சாமி மக்களை நோர்வேஜியராக்கும் கொள்கையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்து நூறு வருடத்துக்கு மேல் நடத்தியது. பள்ளிகளில் அவர்களின் மொழிக்கு இடமில்லை. அணைக் கதையும் வானத்தில் இருந்து விழவில்லை. அல்தா ஆற்றில் மின்சாரத்துக்கு அணை கட்டுவதை எதிர்த்து, 1979இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை கட்டித்தான் முடிந்தது. ஆனால் அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1989இல், சாமி மக்களுக்கென்று ஒரு பாராளுமன்றம் வந்தது. படத்தை எடுத்தவர்கள் அல்தாவை நினைத்தார்களோ இல்லையோ, அந்தக் காட்சியை நோர்வேயில் இருந்து பார்க்கும்போது அல்தா ஞாபகம் வராமல் போகாது. அம்மாவுக்கோ அது கல்லோயா. ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு.

என்னை எழுப்பி உட்கார வைத்த விஷயம் இன்னொன்று. இந்தப் படத்துக்காக டிஸ்னி நிறுவனம் நோர்வே, சுவீடன், பின்லாந்து மூன்று நாட்டுச் சாமி பாராளுமன்றங்களோடும் சாமி பேரவையோடும் ஒப்பந்தம் செய்தது. 'வெர்த்தெத்' என்ற பெயரில் ஒரு சாமி ஆலோசனைக் குழுவும் இருந்தது. ஒப்பந்தத்தின் பலனாகப் படத்துக்கு வட சாமி மொழியில் குரல் கொடுத்து, 'யிக்ஙொன் 2' என்ற பெயரில் அதே நத்தாருக்குத் தியேட்டரில் விட்டார்கள். வட சாமி பேசுகிறவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்கிறார்கள்.

மறுநாள் மகளுக்குச் சொன்னேன். உடனே கேட்டாள்: "அப்ப தமிழில?"

இருந்தது. இந்தியாவில் படம் தமிழிலும் வந்திருந்தது. எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன், அன்னாவுக்கு டிடி என்ற திவ்யதர்ஷினி. தமிழ் முன்னோட்டத்தை மூவரும் சோபாவில் இருந்து பார்த்தார்கள். மகள் வாயைத் திறந்தபடி கேட்டாள். முடிந்ததும், "எல்சா ஏன் அம்மம்மா மாதிரிக் கதைக்கேல்லை?" என்றாள்.

"அது சென்னைத் தமிழ், பிள்ளை."

"நான் அம்மம்மாவின்ர தமிழ்தான் கதைப்பன்."

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அம்மம்மாவின் தமிழுக்கு டிஸ்னி குரல் கொடுக்கப் போவதில்லை. அதற்கு இருக்கும் ஒரே ஒலிநாடா அம்மம்மாதான்.

*

அன்றோடு மகள் தமிழிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அது பொய். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. கதவைச் சாத்துவது நோர்வேஜிய மொழியில், காசு கேட்பது தமிழில். ஆனால் ஒரு வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. பிள்ளைகளின் படம் எது வந்தாலும் அம்மம்மா கட்டாயம், அவவுக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். 2024இல் 'வையானா 2' வந்தபோது அந்த வேலை சின்னவனுக்குப் போனது. கடல், வள்ளம், துடுப்பு, சுழி என்று அம்மாவிடம் அன்று அவன் வாங்கிய சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதே 2024 நவம்பரில் நோர்வேப் பாராளுமன்றம் சாமி மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. செய்தியைப் பார்த்த அம்மா, மீன் வெட்டிய அந்த மனுசி உயிரோடு இருந்தால் பார்த்திருப்பாவோ என்று கேட்டா.

உங்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த முறை தியேட்டருக்குப் போகும்போது பாட்டனையோ பாட்டியையோ கூட்டிப் போங்கள். கதையை முன்கூட்டியே நீங்கள் சொல்லி வைக்காதீர்கள். பிள்ளையை நடுவில் இருத்துங்கள். பெரியவருக்கு விளங்காதது பிள்ளைக்கு விளங்கும் இடத்தில்தான் பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படுகிறது. பாடப் புத்தகத்தால் நான் உண்டாக்க முடியாத தேவை அது.

எல்சாவின் மூன்றாம் பாகம் 2027இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ. கொலோசியத்தின் படிகள் கஷ்டம். போன கிழமை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கால் ஏலாட்டியும் வருவன்" என்றா. "ஆனால் இவள் பக்கத்தில இருக்கவேணும்."

அறைக்குள் இருந்து பதில் வந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது, ஆனால் தமிழில். "ஓம் அம்மம்மா. முறுக்குக் கொண்டு வாங்கோ."