நூற்றில் எட்டு

மக்காச்சோளக் குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி ஏதாவது கிடந்தால் உள்ளே படைப்புழு இருக்கிறது, அல்லது இருந்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த 'அல்லது'வில்தான் காசு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துப் புழு இது. 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டு, 2018இல் கர்நாடகத்துக்கும் அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடும் என் சித்தப்பா அந்த வருடத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "குருத்தே இல்லடா" என்பார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் தேதி பார்த்து மருந்தடிக்க ஆரம்பித்தார். பதினைந்தாம் நாள் ஒன்று, முப்பதாம் நாள் ஒன்று, பக்கத்துக் காட்டுக்காரர் டேங்கைத் தூக்கினால் கூட ஒன்று.

1959இல் கலிஃபோர்னியாவில் வெர்னான் ஸ்டெர்னும் அவருடைய மூன்று சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குதிரைமசாலில் அசுவினி, அடித்த மருந்து நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றுகொண்டிருந்தது. அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: பூச்சி தின்பதன் மதிப்பு, அதைத் தடுக்க ஆகும் செலவைத் தாண்டுகிறதா? தாண்டும் இடம் சேத மட்டம். நடவடிக்கைக்கு அவகாசம் விட்டு அதற்குக் கொஞ்சம் கீழே போடுகிற கோடுதான் வரம்பு. நம் கையேடுகளில் 'பொருளாதார சேத நிலை' என்று போட்டிருக்கும். சர்வரில் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிய பிறகு அலர்ட் வந்து என்ன பிரயோஜனம்? நாங்கள் 80இல் வைப்போம். புழுவிலும் அதே கதைதான். வளர்ந்த புழு குருத்தின் ஆழத்துக்குப் போய்த் தன் எச்சத்தாலேயே மூடிக்கொள்ளும், மருந்து எட்டாது. அது தின்பதில் பெரும்பங்கும் கடைசிப் பருவங்களில்தான்.

சித்தப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு தடவை அடிக்க மருந்தும் கூலியும் ஏக்கருக்கு 1500 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கிலோ 20 ரூபாய் என்றால் 75 கிலோ. மருந்து பாதிச் சேதத்தைத்தான் தடுக்கும் என்றால், 150 கிலோ போகும் என்ற நிலை வந்தால்தான் அடிப்பதில் அர்த்தம். 25 குவிண்டால் விளையும் ஏக்கரில் அது 6 சதவீதம். ஆனால் கடிபட்ட செடி எல்லாம் போன செடி இல்லை. இலை கிழிந்தாலும் மக்காச்சோளம் தேறிவரும். ஜிம்பாப்வேயில் வயல்வயலாக அளந்து 2019இல் வெளியான ஆய்வில் இழப்பு சுமார் 12 சதவீதம். அதற்கு முன் கானாவில் விவசாயிகளைக் கேட்டுப் போட்ட மதிப்பீடு 45. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில் பயத்துக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

டபிள்யூ வடிவத்தில் நடந்து, ஐந்து இடத்தில் இருபது இருபது செடி பார்த்தோம். முப்பது நாள் பயிர். நூற்றில் எட்டில் கடி. மூன்றில்தான் புழு இருந்தது. இளம்பயிருக்கு 5 சதவீதம், குருத்து திரண்டபின் 10 முதல் 20 வரை என்பது இங்கே சொல்லப்படும் வரம்பு.

"அடிக்க வேண்டாம் சித்தப்பா."

"எட்டுக்கு வேணாம், பத்துக்கு அடிக்கணும். சரி, ஒம்பதரைக்கு?"

சிரித்துவிட்டு அவரே சொன்னார்: "நீ சொல்ற கணக்கு பத்து வருசத்துக்குச் சரியா வரும்டா. எனக்கு இந்த வருசம் மட்டுந்தான் இருக்கு. நகை பேங்க்ல கெடக்கு."

இதற்கு அந்தச் சூத்திரத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. சராசரியில் லாபம் என்பது, ஒரு வருடம் மொத்தமாகப் போனாலும் தாங்குகிறவனுக்கான பேச்சு. குத்தகைக் காடும் அடகு நகையுமாக இருப்பவர் 1500 ரூபாயை மருந்துக்குக் கொடுப்பதில்லை, ராத்திரித் தூக்கத்துக்குக் கொடுக்கிறார். விலையும் முப்பதாம் நாளில் யாருக்கும் தெரியாது. அது நாமக்கல் கோழித் தீவனக்காரர்கள் வாங்கும்போது தெரியும்.

அன்று அவர் காடு முழுக்க அடிக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. வேப்பங்கொட்டைக் கரைசலைத் தூக்கிக்கொண்டு, மறுநாள் விடியலில் சாலுக்குச் சாலாகப் போய், எச்சம் தெரிந்த குருத்துகளில் மட்டும் ஊற்றினார். புழு கையில் கிடைத்தால் நசுக்கினார். செலவு குறைந்தால் வரம்பும் கீழே இறங்கும்; எட்டுக்கே கட்டுப்படியாகிவிட்டது. தன் மூன்று நாள் கூலியை அவர் செலவில் எழுதவில்லை. நான் எழுதிப் பார்த்தேன், மருந்தைவிட அதிகம் வந்தது. அந்தத் தாளை அவரிடம் காட்டவில்லை. நான்காம் நாள் மறுபடி எண்ணப் போனோம்.