இரட்டைக் குழல்

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தனி வீடு கட்டி, பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்காரும் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: ‘சார், ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுக்கலாமா?’

சிரிக்காதீர்கள். 2005 ஜனவரி 9 அன்று பெரியபாளையம் அருகே தானாக்குளத்தில், கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தையே வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். ஒதுக்குப்புற வீடுகளாகப் பார்த்து வந்த வடநாட்டுக் கும்பல். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை வடக்கே போய்ப் பிடித்தது. 2017-ல் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ என்று சினிமாவாகவும் பார்த்தீர்கள். ஆகவே பயம் நியாயமானதுதான்.

துப்பாக்கி என்றதும் ரிவால்வரை நினைப்பது சினிமா பார்த்த பழக்கம். வீட்டுக் காவலுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது, பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் மடியில் இருக்குமே, அந்த ட்வெல்வ் போர். குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. அதனால் அந்தப் பெயர். நம் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டமும் 20 அங்குலத்துக்குக் குறையாத இந்த வழவழப்புக் குழலைத் தற்காப்புக்குக் கேட்டால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாராளமாகப் பார்க்கிறது. இளகிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுப்பது எல்லாம் உண்டு.

அடுத்தது தோட்டா. உள்ளே பொடி ரவை இருக்கலாம், எஸ்.ஜி., எல்.ஜி. என்று பெரிய குண்டுகளும் இருக்கலாம். ‘ரவைதானே, விசிறி மாதிரிப் பரவும், குறியே பார்க்க வேண்டாம்’ என்று ஒரு நம்பிக்கை. ஹாலின் அந்தக் கோடிக்கு, பதினைந்து அடியில், அது ஒரு சாண்கூடப் பரவாது. குறி பார்த்தே ஆகணும். பெரிய குண்டோ பிளைவுட் கதவு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் தாண்டிப் போகும். அரை கிரவுண்டு மனையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வீட்டு பெட்ரூம். பொடி ரவையை எடுத்தால் சுவரைத் தாண்டாது; வருகிறவனை நிறுத்துமா என்பதும் சந்தேகம். இரண்டுக்கும் நடுவே நல்ல தோட்டா ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும், தோட்டாவைத் தனியாக. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடியைத் தேடி, பீரோ சாவியைத் தேடி, இரண்டையும் சேர்ப்பதற்குள் வந்தவன் காபி போட்டுக் குடித்துவிடுவான். பூட்டாமல் தலைமாட்டில் வைத்தால்? லீவுக்கு வந்த பேரன் பாத்ரூம் போக எழுந்திருப்பான். ஒரு ரிடையர்டு ரயில்வேக்காரரின் மனைவி கேட்டார்: ‘கண்ணாடி இல்லாம இவருக்கு என்னையே தெரியாதே!’

இன்னொன்று, சொல்லப் பிடிக்காதது. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். தனிமையும் மூட்டுவலியும் தூக்கமின்மையும் உள்ள வீட்டில் அந்தக் குழலைக் கொண்டுபோய் வைக்கிறோம். இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். கேட்கிறவர்கள் கடைசியில்கூட யோசிப்பதில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஓரளவுக்கு. 2024 ஜூலையில் ஐ.பி.சி. போய் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவிலும் தற்காப்புரிமை உண்டு, 34 முதல் 44 வரையான பிரிவுகளில். இருட்டிய பிறகு கதவை உடைத்து வருகிறவனை எதிர்க்கையில் அவன் உயிர் போனாலும் மன்னிக்கும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. காம்பவுண்டு ஏறி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் வக்கீல் தேட வேண்டியது நீங்கள். போதாததற்குத் தேர்தல் வந்தால் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் உங்கள் காவலாளி போலீஸ் ஸ்டேஷனில் தூங்குவான்.

முடிச்சூர்க்காரர்கள் கூட்டமாக வீட்டை விட்டு ஓடியது 2015 டிசம்பரில், அடையாற்று வெள்ளத்துக்கு. அதற்கு எந்த போரும் உதவாது. அன்று படகில் ஏற்றிவிட்டவர்களின் போன் நம்பர் இருந்தால் அதைத் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள். பின்கதவுக்கு ஒரு கிரில், மொட்டைமாடிப் படிக்கு ஒரு விளக்கு. அதன் ஸ்விட்ச் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்படியும் வேண்டும் என்றால் மனுப் போடுங்கள். கிடைத்ததும் எண்ணெயும் குழல் துடைக்கும் கம்பியும் வாங்க மறக்காதீர்கள். ஐப்பசி மழையில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.