நான்கு ஜி.பி. போதும்

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு ஆதரவு இன்றோடு முடிகிறது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் ஓராண்டு வரும். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் கணினியில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல்லில் 2017-க்கு முந்தைய பிராசசர்கள் அநேகமாகப் பட்டியலிலேயே இல்லை.

என் மேசையில் இருப்பது, அண்ணன் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. 4 ஜி.பி. ராம்; விண்டோஸ் 11 இதில் ஏறாது. இதில்தான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். திரையில் ஒரு கீறல் இல்லை; எல்லா விசையும் வேலை செய்கிறது. இதைத் தூக்கிப்போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

“சித்தப்பா, தீபாவளி ஆஃபர்ல புதுசு வாங்கிடுங்க” என்றாள் போனில்.

“முதல்ல இதைச் சரிபண்ணிப் பார்ப்போம்மா.”

அக்டோபர் 16, வியாழன்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கணினிக் கடை. பண்டிகைக் கூட்டம். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றியதும் விசிறியைச் சுற்றித் தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. பெயிண்ட் பிரஷ்ஷால் பொறுமையாகத் தள்ளி எடுத்தார். பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினார். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முனை நகர்ந்து, அதன் பிறகுதான் ஃபைல் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. பழைய கணினியில் நாம் காத்துக் கிடக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்க்கால்தான்.

“ராமும் கூட்டிடலாமா சார்?”

“வேணாங்க, இருக்கிறது போதும்.”

அக்டோபர் 17, வெள்ளி

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் நிறுவினேன், எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பு. குறைந்தபட்சம் 2 ஜி.பி. ராம் இருந்தால் ஓடும். காசு கிடையாது.

அக்டோபர் 19, ஞாயிறு

எனக்கு உண்மையில் என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். எழுத ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், ஒரு பிரவுசர், பி.டி.எஃப். திறக்க ஒன்று, தமிழ் 99. அவ்வளவுதான். வரவு செலவுக்கு இருந்த செயலியையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். கணக்கு இனி ஒரே டெக்ஸ்ட் ஃபைலில்.

தமிழ் 99, 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டல். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் புள்ளி தானே விழும். இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டெக்ஸ்ட் ஃபைலின் சிக்கனமும் அப்படித்தான். யு.டி.எஃப்-8 முறையில் ககரத்துக்கு 3 பைட், அதன் துணைக்காலுக்கு 3 பைட், ஆக ‘கா’ 6 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட்தான். நமக்கு இவ்வளவு ஆகிறதே என்று தோன்றலாம். ஆனாலும் முந்நூறு பக்க நாவல் இரண்டு எம்.பி.க்குள் அடங்கிவிடும். போனில் எடுக்கும் ஒரு படமே பல நேரம் அதைவிடப் பெரிது.

அக்டோபர் 22, புதன்

ஒரு பதிப்பகத்திலிருந்து பேஜ்மேக்கர் ஃபைல் வந்தது. உள்ளே யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. பேஜ்மேக்கர் விண்டோஸில் ஓடும் மென்பொருள். லினக்ஸில் அது நேராக ஓடாது. ‘யூனிகோடு டெக்ஸ்டாக அனுப்ப முடியுமா?’ என்று கேட்டேன், மாற்றி அனுப்பினார்கள். எல்லோரும் இப்படி அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு லினக்ஸுக்கு மாறுவது அத்தனை எளிதில்லை. வடிவமைப்பு முழுவதும் பேஜ்மேக்கரில் செய்பவர் விண்டோஸ் கணினி ஒன்றை வைத்திருக்கத்தான் வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது தேவையில்லை.

அக்டோபர் 25, சனி

அரசு மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அது இன்னும் பரணில் கிடக்கும். பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் இறக்கித் துடையுங்கள். அதிலுள்ள படங்களையும் ஃபைல்களையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். உங்கள் வேலை அதில் நடந்தால் மட்டும் நிறுவினால் போதும்.