தோலிடம் கேட்பது

நம் பேச்சில் தோலுக்கு மரியாதை குறைவு. சொரணை இல்லாதவனுக்குத் தோல் தடித்துவிட்டது என்கிறோம். கோபம் வந்தால் தோலை உரித்துவிடுவதாக மிரட்டுகிறோம். உள்ளே இருக்கும் மனிதனை மூடிய வெறும் உறை என்ற எண்ணம் இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. கரப்பானோடு வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் வராது. முழங்கை மடிப்பில் இரவெல்லாம் அரித்து, தூக்கத்தையும் மறுநாளின் மனநிலையையும் தீர்மானிக்கிற ஒன்றை அவர்களால் உறை என்று நினைக்க முடியாது.

என் இடது முன்கையில் மிளகளவு தழும்பு ஒன்று உண்டு. இருபத்தாறு வயதில் நோய் திடீரெனப் பெருகியபோது, அது எக்ஸிமாவா சொரியாசிஸா என்று தெளிவுபடுத்த எடுத்த பயாப்சியின் மிச்சம் அது. மரத்துப்போக ஓர் ஊசி, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தி, ஒரு தையல். பத்து நிமிட வேலை. எக்ஸிமாதான் என்று முடிவு வந்தது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் பிறந்த என் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கன்னங்களில் அதே கரப்பான் தொடங்கியது. நோயின் பெயரைச் சொல்லக் கத்தி தேவைப்படவில்லை. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். எங்கள் கேள்விகள் வேறு. வளர வளர மறைந்துவிடுமா? முட்டையும் நிலக்கடலையும் ஒவ்வாமல் போகுமா? ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடுமா? "பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார் அவர். நேர்மையான பதில்தான். ஆனால் இத்தனை பரவலான ஒரு நோயில் ஏன் இதற்குமேல் சொல்ல முடியவில்லை என்பது என்னை உறுத்தியது.

தேடிப் படித்தபோது காரணம் எளிமையாகவே இருந்தது. இந்த நோய் பெரும்பாலும் வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் தொடங்குகிறது. தோலுக்குள் என்ன நடக்கிறது என்ற அறிவோ பெரும்பாலும் வளர்ந்தவர்களின் பயாப்சிகளிலிருந்து வந்தது. நோயுற்ற குழந்தையின் சதையை ஆராய்ச்சிக்காக வெட்டுவதற்கே பெற்றோர் தயங்குவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத குழந்தையின் தோலும் வேண்டுமே, அதை யார் கொடுப்பார்கள்? கொடுக்காததில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு விலையாக, குழந்தைகளின் நோயைப் பெரியவர்களின் நோயை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது.

இந்த முட்டுச்சந்தைத் திறந்தது ஒரு மிகச் சாதாரணப் பொருள். 1930-இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ உருவாக்கிய செலோபேன் ஒட்டுநாடாவின் உறவுக்காரன் அது. நாடாவை ஒட்டிப் பிரித்துத் தோலின் மேலடுக்கை ஆராயும் முறையை ஹெர்மன் பிங்கஸ் 1951-லேயே எழுதிவிட்டார். அந்த மேலடுக்கு மொத்தமாக ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. அதற்குள் பதினைந்து, இருபது வரிசைச் செல்கள். ஒரு ரூபாய் நாணயமளவு ஒட்டுவட்டை அழுத்திப் பிரித்தால் மெல்லிய ஒரு படலம் வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்தால் படிப்படியாகக் கீழே இறங்கலாம். செத்த செல்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும் அவற்றில் புரதங்களும் கொழுப்புகளும் சிதைந்த ஆர்என்ஏ துணுக்குகளும் எஞ்சியிருக்கின்றன. அவ்வளவு சொற்பத்தைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

2019-இல் டென்வரில் டொனால்ட் லியுங் குழுவினர் இப்படிச் சேகரித்த தோலை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். எக்ஸிமாவோடு உணவு ஒவ்வாமையும் உள்ள குழந்தைகளின் தோல், புண் இல்லாமல் நன்றாகத் தெரியும் இடத்திலும் வேறுபட்டிருந்தது. தோலின் தடுப்புச்சுவருக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதம் அதில் குறைந்திருந்தது. நீர் கூடுதலாகக் கசிந்தது. எக்ஸிமா மட்டும் உள்ள குழந்தைகளிடம் இந்த அடையாளம் இல்லை. அதே ஆண்டில் எம்மா குட்மன்-யாஸ்கி குழுவினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நாடாவால் எடுத்த மாதிரிகளிலேயே நோயின் மரபணுத் தடங்களை வாசிக்க முடியும் என்று காட்டினர். மென்மையாகக் கேட்டதால்தான் இந்த விடைகள் கிடைத்தன. கத்தியோடு போயிருந்தால் அந்தக் கதவுகள் திறந்திருக்காது.

என் போன்றவர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. எக்ஸிமாவின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண்களில் சிவப்பு ஒரு முக்கிய அளவு. எங்கள் மாநிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதில்லை. சாம்பலும் பழுப்புமாகக் கருத்துப்போகிறது. கண் குறைத்து மதிப்பிடும் இடத்தில் மூலக்கூறுகள் நிறம் பார்க்காமல் பேசக்கூடும்.

எல்லாவற்றையும் நாடா சொல்லிவிடாது. ஆழத்தில், ரத்தக்குழாய்களைச் சுற்றி நடப்பது அதில் ஒட்டாது. நோய் இன்னதென்று தெரியாமல் சந்தேகம் வலுக்கும்போது இன்றும் பயாப்சிதான். நாடாவோ பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. வலியே இல்லை என்பதும் மிகை. பத்தாவது வட்டுக்குமேல் தோல் கன்றும், எரியும்.

மகளுக்கு ஆறு வயதானபோது அப்படியோர் ஆய்வுக்கு அழைப்பு வந்தது. எங்களுக்குத் தனிப்பட்ட பலன் ஏதும் இராது என்று படிவத்திலேயே எழுதியிருந்தது. "கத்தி படாதுன்னா சரிங்க. ஆனா அவகிட்டயும் கேட்டுடுங்க" என்றாள் மனைவி. கேட்டோம். ஸ்டிக்கர் மாதிரியா என்றாள் மகள். செவிலியர் பிரிக்கப் பிரிக்க எண்ணிக்கொண்டே வந்தவள், பன்னிரண்டில் கையை இழுத்துக்கொண்டு "போதும்" என்றாள். அவர் உடனே நிறுத்திவிட்டார். மீதி எடுக்கப்படவில்லை.

சிறிய ஊடுருவல் என்பதை மில்லிமீட்டரில் அளப்பது வழக்கம். எனக்கு வேறொரு அளவுகோல் தோன்றுகிறது. வட்டக் கத்தி ஒரே அழுத்தலில் முடிந்துவிடும். நடுவில் மறுப்பதற்கு இடமில்லை. நாடாவில் ஒவ்வொரு வட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. வலி குறைவு என்பதாலேயே யோசிக்காமல் கேட்டு வாங்கும் சுலபம் ஆய்வாளர்களுக்கும் பெற்றோருக்கும் பழகிவிடக்கூடும். அந்த இடைவெளியில் ஒரு குழந்தையின் "போதும்" காதில் விழுகிறவரைக்கும்தான் இந்த முறையை மென்மையானது என்று சொல்ல முடியும்.