துடி ஒலிக்கும் சேரங்கோடு

நீலகிரி என்றதும் உதகையின் ஏரியும் குன்னூரின் பூங்காவுமே பலருடைய நினைவுக்கு வரும். கூடலூரைக் கடந்து பந்தலூர் வட்டத்துக்குள் நுழைவோர் வேறொரு நீலகிரியைக் காண்பர். அங்கே, கேரளத்தின் வயநாட்டை ஒட்டி அமைந்துள்ளது சேரங்கோடு. மலைச்சரிவெங்கும் தேயிலை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க அரசு உருவாக்கிய தோட்டங்களும் இங்கு உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இப்பகுதியில் மலபாரிலிருந்து வந்து வேரூன்றிய நம் சமுதாயத்தவரும் வாழ்கின்றனர்.

இவர்கள் அனைவருக்கும் முன்பே இம்மண்ணில் வாழ்ந்தவர்கள் பழங்குடி மக்கள். அவர்களுள் பணியர் என்போரின் பெயருக்கே பணி செய்வோர் என்றுதான் பொருள். தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் அவர்கள் கட்டுண்டு கிடந்தனர். மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டுதோறும் அவர்களுடைய உழைப்பு பேரம் பேசப்பட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டில்தான் வந்தது.

நிலமும் நெல்லும் பிறருக்கு உரியவையாக இருந்தபோது, அம்மக்களிடம் எஞ்சிய உடைமை இசை ஒன்றே. இடை சிறுத்த துடியை ஆடவர் முழக்க, குழல் இணைந்து ஒலிக்க, பெண்டிர் வட்டமிட்டு ஆடுவர். மகிழ்ச்சிக்கும் துடி, மரண வீட்டிலும் துடி. அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து இல்லை. ஆகவே பாட்டும் தாளமும் முதியோரின் நினைவிலேயே வாழ்கின்றன.

அடிமைப்பட்டோர் இசையைத் தம் உடைமையாகக் காத்த வரலாறு இம்மலைக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு விலங்கிட்டுக் கொண்டு செல்லப்பட்டோரில் முஸ்லிம்களும் இருந்தனர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் அடிமைகள் கூடி முரசறைந்தனர். அந்நகரில்தான் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஜாஸ்’ எனும் இசையை வளர்த்தெடுத்தனர்.

அவ்விசையின் மூத்த கலைஞர்களுள் பலர் இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்பது நம்மவரில் சிலரே அறிந்த செய்தி. முரசுக் கலைஞர் ஆர்ட் பிளேக்கி (1919 - 1990) அப்துல்லாஹ் இப்னு புஹைனா எனப் பெயர் பூண்டார். பியானோ மேதை அஹ்மத் ஜமால் (1930 - 2023) 1959ஆம் ஆண்டு சிகாகோவில் மது விற்காத இசையரங்கு ஒன்றைத் தொடங்கினார். நம் நாட்டு ஷெனாயையும் கையாண்ட யூசுஃப் லத்தீஃப் (1920 - 2013) 1975ஆம் ஆண்டு கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றார். மது பரிமாறும் இடங்களில் வாசிப்பதைப் பிற்காலத்தில் அவர் அறவே தவிர்த்தார். இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க இக்கட்டுரை முற்படவில்லை. புகழின் நடுவிலும் ஜமாலும் லத்தீஃபும் கொள்கையைக் கைவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

இவர்களுள் பிளேக்கியின் வாழ்க்கை சேரங்கோட்டுக்கு ஒரு பாடமாகும். ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ எனும் தம் குழுவை 1950களிலிருந்து இறுதிக் காலம்வரை அவர் நடத்தினார். இளைஞர்களைத் தேடிப் பிடித்துத் தம் அருகில் அமர்த்தினார். அவர்கள் தேர்ந்ததும் தனிவழி செல்ல விடுத்து, வேறு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். லீ மார்கன், வெய்ன் ஷார்ட்டர், விண்டன் மார்சாலிஸ் ஆகிய புகழ்மிக்கோர் அங்குப் பயின்றவர்களே. அக்குழுவே ஒரு பள்ளிக்கூடமாயிற்று. ஆசான் மறைந்தும் கலை மறையவில்லை.

பணியர் குடியிருப்புகளிலும் கலை இவ்வாறே கைமாறி வந்தது. தந்தையின் அருகில் அமர்ந்து மகன் துடியைக் கற்றான். ஆனால் அமெரிக்கக் கலைஞர்களுக்கு இசைத்தட்டு இருந்தது, நூல் இருந்தது, அவர்கள் வாசித்தது உலகெங்கும் பரவியது. துடி முழக்கும் முதியவருக்கோ பக்கத்தில் அமரும் சிறுவனைத் தவிர வேறு ஏடு இல்லை. அவன் வராவிட்டால், ஒரு முதியவர் கண் மூடும்போது பல தலைமுறைகளின் செல்வம் அவரோடு மண்ணுக்குள் போய்விடும். பள்ளி விழாவில் திரைப்பாடல் முழங்கும் மேடையில் ஒரு துடிக்கும் இடம் தந்தால், அதைக் கேட்கும் பணியர் குலச் சிறுவன் தலை நிமிர்வான். பாட்டனார் அருகில் அமரவும் விரும்புவான்.

சேரங்கோடு செல்லும் குடும்பத்தினர் தேயிலைப் பொட்டலத்தோடு திரும்பிவிட வேண்டாம். அதற்காக, குடியிருப்புக்குள் புகுந்து ஆடிக்காட்டச் சொல்லிப் பணம் நீட்டுவதும் முறையன்று. அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். அவர்களாக அழைக்கும் விழாவில் நம் பிள்ளைகளோடு அமைதியாக நின்று கேட்போம். விலை பேசப்பட்ட மக்கள் விலைபோகாமல் காத்துவைத்த ஒலி அது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.